ஓடைக்கரையைக் கட்ட யாரிடம் கேட்பது?

என் பட்டாவில் 4 ஏக்கர் 38 சென்ட் என்று இருக்கிறது. கம்ப்யூட்டர் சிட்டாவிலும் அதேதான். தரையில் அளந்தால் 4 ஏக்கர் 24 சென்ட்தான் வரும். பாக்கி 14 சென்ட் ஓடைக்குள் கிடக்கிறது.

36 வருஷம் வங்கியில் வேலை பார்த்தவன் நான். எத்தனையோ பேருடைய சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் வரி வரியாகப் படித்துத்தான் பயிர்க்கடன் கொடுத்திருக்கிறேன். காகிதத்தில் இருக்கிற நிலம் தரையிலும் இருக்கிறதா என்று ஒரு நாள்கூட யோசித்ததில்லை. 2016-ல் ஓய்வு பெற்று, அப்பா விட்டுப்போன காட்டில் இயற்கை விவசாயம் செய்யலாம் என்று வந்து உட்கார்ந்த பிறகுதான் அந்தப் பாடம் கிடைத்தது.

எங்கள் காடு திண்டுக்கல் மாவட்டத்தில், குடகனாற்றில் போய்ச் சேருகிற ஒரு காட்டோடையின் கரையில் இருக்கிறது. வருஷத்தில் பத்து மாதம் அது வெறும் மணல்தான். ஆடு மேயும், பையன்கள் கிரிக்கெட் விளையாடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மலைப்பக்கம் மழை பெய்தால் இரண்டு மணி நேரத்தில் இடுப்பளவு செந்தண்ணீர் இரைந்துகொண்டு வரும். 1977-ல் குடகனாற்று அணை உடைந்த கதையை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றைக்கும் நேற்று நடந்த மாதிரிச் சொல்வார்கள். ஆனாலும் காய்ந்த ஓடையைப் பார்த்தால் யாருக்கும் பயம் வருவதில்லை. எனக்கும் வரவில்லை.

நான் செய்த முதல் தப்பு 2017-ல். அந்த வருஷம் நீதிமன்ற உத்தரவை ஒட்டி ஊரெங்கும் சீமைக்கருவேல் ஒழிப்பு நடந்தது. நானும் உற்சாகமாக ஜேசிபி பிடித்து, கரையோரம் இருந்த கருவேல் அத்தனையையும் வேரோடு தோண்டிப் போட்டேன். மரம் கெட்ட மரம்தான். ஆனால் கரையைப் பிடித்துக்கொண்டிருந்தது அந்த ஒரே வேர்தான் என்பது அப்போது புத்தியில் படவில்லை. தோண்டிய குழியில் எதையும் நடவும் இல்லை. அடுத்த வருஷம் நவம்பரில் கஜா புயல் எங்கள் மாவட்டத்துக்கு மேலாகப் போனது. விடிந்து போய்ப் பார்த்தால் வரப்பும் இல்லை, வரப்போரம் நின்ற இரண்டு வேம்பும் இல்லை. 80 மீட்டர் நீளத்துக்குக் கரை செங்குத்தாக, கத்தியால் வெட்டின மாதிரி நின்றது.

இரண்டாவது தப்பு அதைவிடப் பெரியது. போன நிலத்தை மீட்கிறேன் என்று 2019 கோடையில் இறங்கினேன். பழைய கரை எங்கே இருந்தது என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நாலு லாரி குவாரிக் கல் இறக்கி, ஓடைக்குள் 20 அடிக்கு மேல் தள்ளி ஒரு கல்வரிசை அடுக்கினேன். கல்லுக்கும் கரைக்கும் நடுவே இருந்த பள்ளத்தை நிரப்ப, ஓடை மணலையே ஜேசிபியால் அள்ளிப் போட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. என் நிலத்தை நான் காப்பாற்றிக்கொள்வதற்கு யாரைக் கேட்க வேண்டும் என்பதுதான் என் நினைப்பு.

60 அடி அகலம் இருந்த ஓடை அந்த இடத்தில் 40 அடிக்கும் குறைவாகச் சுருங்கியது. அந்த ஐப்பசியில் தண்ணீர் வந்தபோது என் கல் அசையவில்லை. மழையில் குடை பிடித்து நின்று அதைப் பார்த்துப் பெருமைப்பட்டது உண்மை. இரண்டு நாள் கழித்து எதிர்க்கரை அக்கா வந்தார். எனக்கு ஐந்தாறு வயது மூத்தவர். கொஞ்சம் கீழே தள்ளி அவருக்கு 80 சென்ட்டும் ஒரு கிணறும் இருக்கிறது. அவ்வளவுதான் அவர் சொத்து.

“பேங்க்கு தம்பி, கொஞ்சம் வந்து பாருங்க” என்றார்.

போனேன். காய்ப்பில் இருந்த மூன்று தென்னை ஓடைக்குள் சாய்ந்து கிடந்தது. கிணற்று மேட்டுக்கும் ஓடைக்கும் நடுவே முன்பு ஒரு மாட்டு வண்டி போகும். இப்போது நாலடி இருந்தால் அதிகம்.

“உங்க கல்லு எங்க மண்ணைத் தின்னுருச்சு தம்பி. கெணறும் போச்சுன்னா நான் எங்கிட்டுப் போறது?”

திட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தென்னைக்குப் பணம் தருகிறேன் என்றேன். “பணம் வேணாம், தண்ணிய பழைய வழில விடுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மூன்று மாதம் கல்லை எடுக்காமல் இழுத்தடித்தேன். அவர் மனு கொடுத்தார். 2020 பிப்ரவரியில் எனக்கு நோட்டீஸ் வந்தது. 1905-ம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம், 7-ம் பிரிவு. சர்வீஸ் முழுக்க மற்றவர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியவன், முதல் தடவையாக வி.ஏ.ஓ. முன்னால் கையெழுத்துப் போட்டு ஒன்றை வாங்கிக்கொண்டேன்.

இந்தக் கட்டுரையைப் படிக்கிற உழவர்களில் பலருக்கு ஓடைக்கரையிலோ வாய்க்கால் கரையிலோ நிலம் இருக்கும். நான் கற்றுக்கொண்ட விதத்தில் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவையும் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

ஓடை நகரும், படம் நகராது

நோட்டீஸ் வந்ததும் நான் செய்த உருப்படியான வேலை, சர்வேயரை வைத்து அளந்ததுதான். இ-சேவை மையத்தில் பணம் கட்டி மனு போட்டால் வருவார்கள். அதற்கு முன்பே உங்கள் புல எண்ணின் புலப்படத்தையும், பக்கத்து ஓடைப் புல எண்ணின் புலப்படத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ‘அ’ பதிவேட்டில் அந்த ஓடை என்னவென்று எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். ‘ஓடை புறம்போக்கு’, ‘வாய்க்கால் புறம்போக்கு’, ‘ஆற்றுப் புறம்போக்கு’ என்று இருக்கும். அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் நீங்கள் எந்த ஆபீஸ் படியேற வேண்டும் என்பது முடிவாகும்.

அளந்து பார்த்ததில் இரண்டு விஷயம் தெரிந்தது. ஓடை என் பட்டாவுக்குள் 11 சென்ட் ஏறி வந்திருந்தது. என் ஞாபகத்தை நம்பி அடுக்கிய கல்வரிசையோ, 30 மீட்டர் நீளத்துக்குப் பட்டா எல்லையையும் தாண்டிப் புறம்போக்கில் நின்றது, சில இடத்தில் ஆறடி வரைக்கும். ஆக, நான் இழந்தவனாகவும் இருந்தேன், ஆக்கிரமிப்பாளனாகவும் இருந்தேன்.

நம்மில் நிறையப் பேர் ஒரு கணக்குப் போடுவோம். ‘ஓடை என் பக்கம் 10 சென்ட் எடுத்துக்கிச்சு, அந்தப் பக்கம் மேடு தட்டிக் கிடக்கே, அதை நான் எடுத்துக்கிறேன்’ என்று. அது நடக்காது. மேடு தட்டினாலும் புலப்படத்தில் அது ஓடை என்றால் ஓடைதான். உழுதால் பி மெமோ வரும்.

சரி, கல் என் பட்டாவுக்குள்ளேயே இருந்தால்? அங்கேதான் நானும் தடுக்கி விழுந்தேன். 1882-ம் ஆண்டின் ஈஸ்மென்ட் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. வங்கியில் பாதை உரிமைக்காக வக்கீல்கள் அதைக் குறிப்பிடுவார்கள். நானும் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதன் 7-ம் பிரிவில் ஓடையைப் பற்றியும் சொல்லியிருக்கிறது. இயற்கையான ஓடைத் தண்ணீர் தன் நிலத்துக்குத் தடையில்லாமல் வர வேண்டும், அதன் அளவும் திசையும் வேகமும் பெரிதாக மாற்றப்படக் கூடாது என்பது ஒவ்வொரு நிலக்காரருக்கும் உள்ள உரிமை. திசையும் வேகமும்! எதிர்க்கரை அக்கா எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். 138 வருஷம் பழைய சட்டம் சொன்னதைத்தான் அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மணல் விஷயம் இன்னும் ஆபத்து. ஓடை மணலை அள்ளி என் காட்டுக்குள்ளேதான் போட்டேன், ஒரு சட்டி விற்கவில்லை. ஆனாலும் மணல் சிறுகனிமம். அனுமதியில்லாமல் அள்ளினால் 1957-ம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தின் 21-ம் பிரிவில் 5 வருஷம் வரை சிறை உண்டு, வண்டியும் போகும். என் நல்ல நேரம், விசாரிக்க வந்தவர்கள் மணலைத் திரும்ப ஓடையில் பரப்பச் சொல்லி எச்சரித்து விட்டார்கள். ஜேசிபி தம்பிதான் ரொம்பப் பயந்துபோனார். இன்றைக்கும் நான் கூப்பிட்டால், “ஐயா, பேப்பர் இருக்கா?” என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறார். மண் மூட்டை அடுக்குகிறவர்கள் இதை மனதில் வையுங்கள். மூட்டைக்கு மண் உங்கள் பட்டா நிலத்திலிருந்துதான் வர வேண்டும்.

கரையில் நிற்கிற மரத்திலும் இப்படி ஒன்று இருக்கிறது. புறம்போக்கில் நிற்கிற மரம், நீங்களே நட்டதாக இருந்தாலும் அரசாங்கத்துடையது. கேட்காமல் வெட்டக் கூடாது. பலனை அனுபவிக்க 2-சி பட்டா என்று மரத்துக்கு மட்டும் தனியாகக் கொடுப்பார்கள். அதை வைத்து நிலம் என்னுடையது என்று சொல்ல முடியாது, புளியும் தேங்காயும் பறித்துக்கொள்ளலாம்.

ஏழு மாதம், மூன்று ஆபீஸ்

2020 ஜூனில், ஊரடங்கு தளர்ந்ததும் கல்லை எடுத்தேன். நாலு லாரிக் கல்லும் கிணற்றடியில் குவியலாகக் கிடந்தது. கரை அம்மணமாக நின்றது. அந்த வருஷ மழையிலும் கொஞ்சம் போனது. முறையாகத்தான் செய்வது என்று முடிவெடுத்து, 2021 ஜூலையில் மனு கொடுத்தேன்.

முதல் கேள்வியே, யாரிடம்? ஓடை வருவாய்த் துறைக் கணக்கில் புறம்போக்கு, ஆகவே தாசில்தார். தண்ணீர் ஓடுகிறது, ஆகவே பொதுப்பணித் துறை. அந்தச் சமயத்தில்தான் நீர்வளத்துறை அதிலிருந்து தனியாகப் பிரிந்திருந்தது. பெயர்ப்பலகையே மாறாத ஆபீஸில் பழைய பெயருக்கு எழுதின மனுவைத் திருப்பித் தந்தார்கள். அங்கே, “இது எங்க லிஸ்ட்ல இல்லை சார், ஒன்றியத்துல கேளுங்க” என்றார்கள். ஒன்றியத்தில், “எங்களுக்குக் குளந்தான்” என்றார்கள். அதுவும் பொய்யில்லை. 40 ஹெக்டேருக்குக் குறைவாகப் பாசனம் உள்ள குளங்கள்தான் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. என்னுடையது குளமில்லையே.

இரண்டு மாதம் இப்படி நடந்த பிறகு வங்கிப் புத்தி வேலை செய்தது. வாய் வார்த்தையில் ஆபீஸ் நகராது, காகிதத்துக்குத்தான் நகரும். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: ‘இந்தப் புல எண்ணில் உள்ள ஓடையின் பராமரிப்பு எந்தத் துறையின் பொறுப்பில் உள்ளது?’ 30 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். வந்தது. நிலம் வருவாய்த் துறையுடையது, கரை சம்பந்தமான வேலைக்கு நீர்வளத்துறையின் கருத்தைக் கேட்டு தாசில்தார் உத்தரவிடுவார் என்று. அந்தக் கடிதத்தின் நகலை மனுவோடு இணைத்த பிறகு யாரும் என்னை அடுத்த கட்டடத்துக்கு அனுப்பவில்லை. உங்கள் ஓடைக்குப் பதில் வேறு மாதிரி வரலாம். ஆனால் அந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டுவிடுங்கள், இரண்டு மாதம் மிச்சம்.

மனுவை எப்படி எழுதுவது என்பதிலும் விஷயம் இருக்கிறது. முதலில் ‘கரையைக் கட்ட அனுமதி வேண்டி’ என்று எழுதியிருந்தேன். ‘கட்ட’ என்ற வார்த்தையைப் பார்த்ததும் எல்லாரும் பின்வாங்கினார்கள். நீர்நிலையில் கட்டுமானம் என்றாலே நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டிய காலம் இது, அவர்களைக் குறை சொல்ல முடியாது. பிறகு நீர்வளத்துறையில் ஒரு இளம் பொறியாளர் சொல்லித்தான் மாற்றி எழுதினேன். ‘கரைச் சரிவில் மண் அரிப்பைத் தடுக்க வெட்டிவேர் மற்றும் நாட்டு மரக்கன்றுகள் நட அனுமதி வேண்டி.’ கூடவே ஒரு பக்கத்தில் பென்சிலால் குறுக்குவெட்டுப் படம். ஓடையின் இப்போதைய அகலம், வெள்ளம் ஏறும் உயரம், பட்டா எல்லை, கரையைச் சரிக்கப்போகும் கோடு. சரிப்பது முழுக்க என் பட்டாவுக்குள், ஓடையை நோக்கி ஒரு சாண்கூட நீட்டல் இல்லை. சிமென்ட் இல்லை. ஓடை மணலைத் தொடப்போவதில்லை. வெட்டுகிற மண் என் காட்டைத் தாண்டாது. நடுவதால் புறம்போக்கில் எனக்கு எந்த உரிமையும் கோரமாட்டேன் என்று ஒரு உறுதிமொழி. இவ்வளவோடு, எதிர்க்கரை அக்காவின் சம்மதக் கையெழுத்து. அது கட்டாயமில்லை, யாரும் கேட்கவும் இல்லை. நானே போய்க் கேட்டேன். கல்லை எடுத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. “எம் பக்கமும் சேத்து நடுவீகளா?” என்று கேட்டுக்கொண்டுதான் போட்டார்.

சர்வேயர் மறுபடி வந்து அளந்தபோது 11 சென்ட் 14 ஆகியிருந்தது. 2022 பிப்ரவரியில் உத்தரவு வந்தது. நிபந்தனைகள் நான் எழுதிக்கொடுத்ததேதான், கூடுதலாக ஒன்று மட்டும். அரசு எப்போது கேட்டாலும் புறம்போக்கில் இருப்பதை அகற்ற வேண்டும். சரியான நிபந்தனைதான்.

அமெரிக்காவில் இருக்கும் மகளிடம் போனில் இதைப் புலம்பினேன். “இங்கேயும் அப்படித்தாம்ப்பா” என்றாள். விசாரித்துப் பார்த்தால், அங்கே ஓடைக்கரை வேலைகளுக்கு ராணுவப் பொறியாளர் படை அனுமதி தருகிறது. சின்ன வேலைகளுக்கென்று 13-ம் எண் பொது அனுமதி ஒன்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள். கரை நீளம் 500 அடிக்கு மிகாமல், வழக்கமான வெள்ளக் கோட்டுக்குக் கீழே நீளத்தில் அடிக்கு ஒரு கன கஜத்துக்கு மேல் கல்லோ மண்ணோ போடாமல், தேவைக்கு மிஞ்சாமல் செய்தால் ஒவ்வொருவரும் தனித்தனி அனுமதிக்கு அலைய வேண்டியதில்லை. பெரிய வேலை என்றால் தனியாகப் போக வேண்டும். இப்படி ஒன்று நம் ஊரிலும் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். வெட்டிவேரும் நொச்சியும் நடுகிற 80 மீட்டருக்கும், கான்கிரீட் சுவர் எழுப்புகிறவருக்கும் இங்கே ஒரே மனு, ஒரே அலைச்சல். அலைச்சலுக்குப் பயந்து பாதிப் பேர் கேட்காமல் ராத்திரியில் கல்லை இறக்குகிறார்கள், மீதிப் பேர் நிலம் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நம் இயக்கம் இதை ஒரு கோரிக்கையாகவே வைக்கலாம் என்பது என் கருத்து.

இடத்தைப் பொறுத்து வேறு சட்டங்களும் குறுக்கே வரும். பெரிய ஆறுகளில் 1884-ம் ஆண்டு ஆறுகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. குளத்தை ஒட்டிய நிலம் என்றால் 2007-ம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். காட்டு எல்லை என்றால் வனத்துறை. நீலகிரியில் ஜேசிபி இறக்கவே தனி அனுமதி.

யாரையும் கேட்க வேண்டாத வேலை

மனு நடந்துகொண்டிருந்த ஏழு மாதத்தில் சும்மா இருக்கவில்லை. அந்தப் பொறியாளர் ஒரு நாள் நேரில் வந்து கரையைப் பார்த்தார். ஓடைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, திரும்பி என் காட்டைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார். “சார், உங்க கரையைப் பாதி ஓடை தின்னுது, பாதி நீங்களே தள்ளுறீங்க” என்றார்.

உண்மைதான். கரையோரம் வரை உழுதிருந்தேன். மழைத் தண்ணீர் முழுக்கச் சரிவில் ஓடி, மூன்று இடத்தில் கரை வழியாகக் குதித்துக்கொண்டிருந்தது. குதித்த இடமெல்லாம் வாய் பிளந்திருந்தது. வாழைக்குப் பாய்ச்சிய தண்ணீரும் கசிந்து கரை மண்ணைச் சொதசொதவென்று வைத்திருந்தது. வெள்ளம் வடிந்த பிறகு கரை பொலபொலவென்று விழுவது அந்த ஈரத்தால்தான்.

இதைச் சரிசெய்யத் தாசில்தாரும் வேண்டாம், பொறியாளரும் வேண்டாம். எல்லாம் பட்டாவுக்குள். கரையிலிருந்து 15 அடிக்கு உழவை நிறுத்தினேன். அந்தப் பட்டையில் கொழுக்கட்டைப் புல். அதற்கு மேலே சமமட்ட வரப்பு, மூலையில் ஒரு பண்ணைக்குட்டை. மிஞ்சுகிற தண்ணீர் ஒரே இடத்தில் இறங்கும்படி படிப்படியாகக் கல் பாவிய வடிகால், எல்லைக்கு உள்ளேயே. ஓடையிலிருந்து எடுத்த குவாரிக் கல் பாதி இதற்குத்தான் போனது. வாழையைச் சொட்டுநீருக்கு மாற்றினேன். அந்த 2021 கார்த்திகையில் தமிழ்நாடு முழுக்க மழை கொட்டியது. ஓடை அடித்தது அடித்ததுதான். ஆனால் மேலிருந்து பிளக்கிற வாய் ஒன்றுகூடப் பெரிதாகவில்லை.

வெட்டிவேரும் நொச்சியும்

கரை மேலிருந்து இடிவதில்லை. வளைவில் வேகமாக வருகிற தண்ணீர் அடிக்காலைக் குடைகிறது, மேலே இருக்கிறது நிற்க இடமில்லாமல் விழுகிறது. ஆகவே செங்குத்துக் கரையின் தலையில் எதை நட்டாலும் அது கரையோடு சேர்ந்துதான் போகும். கரை விளிம்பில் நான் ஆசையாக வைத்த மூங்கில் புதர் அப்படித்தான் போனது, தன் எடைக்கு ஒரு வண்டி மண்ணையும் சேர்த்து இழுத்துக்கொண்டு. முதலில் கரையை ஒன்றுக்கு ஒன்றரை, முடிந்தால் ஒன்றுக்கு இரண்டு என்று சரிக்க வேண்டும். அதற்கு நம் நிலத்தில் இன்னும் சில அடி விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். மனசு வராது. எனக்கும் வரவில்லை. ஆனால் நாம் விட்டுக்கொடுக்காவிட்டால் ஓடை அதைவிட அதிகமாக எடுத்துக்கொள்ளும்.

வெட்டிவேர் நமக்குப் புதுசு இல்லை. பானைத் தண்ணீரில் போட்டுக் குடித்தவர்கள்தான் நாம். கடலூர்ப் பக்கம் மணல் பூமியில் வேருக்காகவே பயிர் செய்கிறார்கள். இதை மண் காக்கும் வேலியாக உலகம் முழுக்கக் கொண்டுபோனது உலக வங்கி ஆட்கள். ஆனால் மைசூருக்குப் பக்கத்தில் விவசாயிகள் அதற்கு முன்பே தலைமுறையாக அதை வரப்பில் வைத்திருந்தார்கள். வங்கிக்காரன் என்ற முறையில் எனக்கு இதில் கொஞ்சம் சந்தோஷம், விவசாயி என்ற முறையில் கொஞ்சம் கோபம். வேர் பக்கவாட்டில் படராமல் நேராக இறங்கும், 3 மீட்டர் வரைக்கும் போகும். தென்னிந்திய ரகம் விதை பரப்பாது, ஆகவே காட்டுக்குள் களையாக வராது.

கடலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவரிடம் 400 தூர் வாங்கி, 2021 ஆகஸ்டில் நாற்றங்கால் போட்டேன். அடுத்த ஜூனில் பிரித்தால் மூவாயிரத்துக்கு மேல் இருந்தது. சரிவில் மீட்டருக்கு ஒரு வரிசையாக நாலு வரிசை, தூருக்குத் தூர் 15 சென்டிமீட்டர். என் பக்கத்துக்கு மட்டும் 2,100 தூர் பிடித்தது. இலையை ஒரு சாண் விட்டு நறுக்கி, வேரைச் சாணிப்பால் கரைசலில் நனைத்து நட்டோம். ஆனியில் நட வேண்டும் என்பதில் உறுதியாக இருங்கள். ஐப்பசி வெள்ளத்துக்கு முன்னால் நாலு மாதம் வேர் இறங்க நேரம் வேண்டும். அந்த நாலு மாதமும் குடத்தில் தண்ணீர் ஊற்றித்தான் ஆக வேண்டும். நிழலில் வெட்டிவேர் நிற்காது, அதனால் மரத்தைச் சரிவில் வைக்காமல் மேல்பட்டையில் வைத்தோம். புங்கன், நீர்மருது, நாவல், இடையிடையே பனங்கொட்டை. அடியில் தண்ணீர் தொடுகிற இடத்தில் நொச்சிக் குச்சியும் நாணலும்.

எதிர்க்கரைக்கு வேறு வழி தேடினோம். 2022 மே 1 கிராம சபையில் அக்காவே எழுந்து பேசினார், கிணறு போனால் நான் எங்கே போவேன் என்று. எனக்குச் சொன்ன அதே வார்த்தை. தீர்மானம் போட்டு, அவர் பக்கத்து 60 மீட்டர் கரையைச் சரித்து நடுகிற வேலையை நூறு நாள் வேலையில் சேர்த்தார்கள். என் நாற்றங்காலில் இருந்து மீதித் தூரைக் கொடுத்தேன். நடவு நடந்த நாட்களில் வேலைக்கு வந்த பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, “கல்லு போட்டவரே புல்லும் தர்றாரு” என்றார்கள்.

இப்போது எப்படி இருக்கிறது? நேரான பகுதி நிற்கிறது. வெள்ளம் ஏறும்போது புல் படுத்துக்கொள்கிறது, வடிந்ததும் எழுந்துகொள்கிறது. வரிசைக்குப் பின்னால் வண்டல் தங்கி, சரிவு இப்போது படிக்கட்டு மாதிரி இருக்கிறது. வருஷம் இரண்டு தடவை அறுத்து வாழைக்கு மூடாக்குப் போடுகிறேன். அக்காவின் கிணற்று மேட்டில் நாலடி இன்னும் நாலடியாகவே இருக்கிறது. கூடவில்லை, குறையவும் இல்லை. ஆனால் என் பக்கம் வளைவின் நடு முனையில் 12 மீட்டர், போன ஐப்பசியில் அடியோடு போய்விட்டது. 700 மீட்டருக்கு மேலே ஒரு பாலம் அகலப்படுத்தினார்கள், அதற்குப் பிறகு தண்ணீர் நேராக அங்கே வந்து முட்டுகிறது. வேர் மூன்று மீட்டர் இறங்குவதற்குள் அடிக்கால் குடைந்துவிட்டது. அங்கே வெறும் புல் போதாது. அடியில் கம்பிவலைக் கல்கூடை வேண்டும், மேலே புல் வேண்டும்.

கல்கூடை என்றால் அது கட்டுமானம். என் பழைய உத்தரவு அதற்குச் செல்லாது. மிச்சக் கல் இன்னும் கிணற்றடியில் கிடக்கிறது, எடுத்து அடுக்க ஒரு நாள் வேலை. கை பரபரக்கத்தான் செய்கிறது. ஆனால் கூடையை எந்தக் கோட்டில் வைத்தால் எதிர்க்கரைக்குத் தண்ணீர் திரும்பாது என்பதை அளந்து சொல்ல வேண்டியது நானில்லை. இந்த வருஷ ஜமாபந்தியில் புது மனு கொடுத்திருக்கிறேன். குறுக்குவெட்டுப் படம், பாலம் கட்டுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த போட்டோ, பழைய உத்தரவின் நகல் எல்லாம் வைத்து. இந்தத் தடவை மனுதாரர் இரண்டு பேர். முதல் கையெழுத்து அக்காவுடையது.

ஆனி பிறந்துவிட்டது, உத்தரவு இன்னும் வரவில்லை. மாவட்ட விவசாயிகள் குறைதீர் நாளுக்கு இருவரும் பஸ்ஸில் போவதாக இருக்கிறோம். நாற்றங்காலில் ஆயிரம் தூர் பிரிக்கத் தயாராக இருக்கிறது. கரையோர நிலம் வைத்திருக்கிறவர்கள் சாக்கு கொண்டுவந்தால் எடுத்துப் போகலாம். புலப்படத்தையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், திண்ணையில் உட்கார்ந்து பார்த்துவிடலாம்.